முதல் சொந்தத் தளம்: காலிக் கோப்பிலிருந்து சொந்த முகவரி வரை

எதைப் பற்றிய தளம் என்று முடிவு செய்யாமல் எந்த டுடோரியலையும் திறக்காதீர்கள். 'என் பெயர் இன்னது, எனக்குப் பிடித்தவை பயணம், இசை, சமையல்' என்று தொடங்கும் பக்கம் இரண்டே வாரத்தில் அனாதையாகிவிடும். அதில் மேற்கொண்டு சேர்க்க ஒன்றும் இருக்காது, அதனால் கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. நீங்கள் நேரில் பார்த்த, யாரும் இன்னும் எழுதி வைக்காத ஒரு சின்ன விஷயம் போதும். பினாங்கில் இருப்பவருக்கு இதற்குப் பஞ்சமே இல்லை. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எந்தத் தண்ணீர்ப் பந்தல் எங்கே நிற்கிறது, உங்கள் உறுமி மேளக் குழு வாசிக்கும் அடிகள் என்னென்ன, தோட்டத்தில் இருந்த காலத்தில் பாட்டி சமைத்த கீரைகள் எவை: எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

நான் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது கடைப் பெயர்ப் பலகைகள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார், லெபோ குவீன், லெபோ பினாங்கு சுற்றுவட்டாரத்தில் தமிழ் எழுதிய பலகைகள். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பழைய கட்டடங்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். பலகைகள்தான் கடை கைமாறும்போது சத்தமில்லாமல் இறங்கிவிடுகின்றன. பத்துப் படம், ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. ஒரு முழுத் தளத்துக்கு அது தாராளம்.

கையால் எழுதுங்கள்

மவுசால் இழுத்துப் போட்டுத் தளம் கட்டும் சேவைகள் நிறைய இருக்கின்றன. நாளைக்கே கடை திறக்கிறீர்கள், மெனு போட வேண்டும் என்றால் தாராளமாக அதில் செய்யுங்கள். கற்றுக்கொள்ள வேண்டும் என்பவருக்கு அது உதவாது. மாதக் கட்டணம் நின்றால் தளமும் நின்றுவிடும். வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் பாதி கையோடு வராது.

வெறும் எச்.டி.எம்.எல் கோப்பு, அதாவது எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று குறியிட்டு எழுதிய கோப்பு, அப்படியல்ல. டிம் பெர்னர்ஸ் லீ 1991இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட வலைப்பக்கம் இன்றைய குரோமிலும் திறக்கிறது. செர்ன் 1993இல் இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்ததால்தான் உங்களாலும் என்னாலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பக்கம் எழுத முடிகிறது. இன்று நீங்கள் எழுதும் எளிய பக்கமும் இருபது வருடம் கழித்துத் திறக்கும். நேற்று வந்த ஃப்ரேம்வொர்க்கில் (யாரோ முன்கூட்டியே எழுதி வைத்த நிரல் சட்டகத்தில்) செய்ததற்கு அந்த உத்தரவாதத்தை நான் தரமாட்டேன்.

ஜாவாஸ்கிரிப்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ரியாக்ட் என்ற பெயரையே காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எச்.டி.எம்.எல், அதற்கு நிறமும் அளவும் கொடுக்கும் சி.எஸ்.எஸ், இரண்டும் போதும்.

தேவையானவை

ஒரு பழைய மடிக்கணினி, ஒரு பிரவுசர், ஓர் எடிட்டர். எடிட்டருக்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் நல்லது, இலவசம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் கிரீன் லேன் பக்கம் இருக்கும் பினாங்கு டிஜிட்டல் நூலகம் போன்ற இடங்களைப் பார்க்கலாம். கைத்தொலைபேசியிலேயே எழுதுவேன் என்று அடம்பிடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். முடியும்தான், ஆனால் கழுத்து போய்விடும்.

தமிழ் தட்டச்சு ஏற்கெனவே கைவந்திருந்தால் அதே முறையில் தொடருங்கள். புதியவர்களுக்கு: விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, செட்டிங்ஸில் மொழியைச் சேர்த்தால் போதும். மேக்கில் அஞ்சல், தமிழ் 99 என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் உண்டு. அஞ்சல் நம்மூர்ச் சரக்கு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரிலேயே நடந்தது. தமிழ்க் கணிமையில் நாம் ஒன்றும் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

முதல் கோப்பு

கணினியில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, சிறிய ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். அதற்குள் 'இண்டெக்ஸ்' என்ற பெயரில், டாட் எச்.டி.எம்.எல் என்று முடியும் ஒரு கோப்பு. தளத்தின் முகவரியைத் தட்டியதும் சர்வர் முதலில் தேடுவது இந்தப் பெயரைத்தான், அதனால் இதை மாற்றாதீர்கள். நோட்பேடில் சேமிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் கோப்பின் வால்பெயரை மறைத்து வைத்திருக்கும், பின்னால் ஒரு டாட் டி.எக்ஸ்.டி ஒட்டிக்கொண்டிருந்தாலும் தெரியாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லி டிக் செய்துவிடுங்கள்.

எது என்ன என்று காட்ட, கோண அடைப்புக்குறிக்குள் எழுதும் குறியைத்தான் டேக் என்பார்கள். டேக் பெயர்களை இங்கே ஒலிக்கேற்பத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்து.

விஷுவல் ஸ்டுடியோ கோடில் அந்தக் கோப்பைத் திறந்து, ஓர் ஆச்சரியக்குறி (!) போட்டு டேப் விசையை அழுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு வேண்டிய எலும்புக்கூடு முழுதும் தானாக வந்து விழும். அதில் மூன்று இடங்களை மட்டும் பாருங்கள். மேலே 'லாங்' என்ற இடத்தில் ஆங்கிலத்துக்கான குறி இருக்கும். அதைத் தமிழுக்கான டி, ஏ என்ற இரண்டெழுத்தாக மாற்றுங்கள். பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுப்பது இதைப் பார்த்துத்தான். அடுத்து 'சார்செட்', அது யு.டி.எஃப் 8 (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் குறிமுறை) என்று இருக்கும். தொடாதீர்கள், அது இல்லாமல் போனால் உங்கள் தமிழ் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரிய வாய்ப்புண்டு. மூன்றாவது 'வியூபோர்ட்' வரி. அதை நீக்கினால் போன் உங்கள் பக்கத்தைக் கணினித் திரை அகலத்துக்கு விரித்து, பிறகு எறும்பளவுக்குச் சுருக்கிக் காட்டும்.

இனி 'பாடி' டேக்குக்குள் எழுத வேண்டியதுதான். தலைப்புக்கு 'எச் 1', உட்தலைப்புக்கு 'எச் 2', பத்திக்கு 'பி', இணைப்புக்கு 'ஏ', படத்துக்கு 'ஐ.எம்.ஜி'. எண்ணிப் பார்த்தால் ஐந்துதான். பெரிய எழுத்து வேண்டும் என்பதற்காக 'எச் 1' போடாதீர்கள். பக்கத்துக்கு ஒரே ஒரு 'எச் 1', அதுவும் பக்கத்தின் தலைப்புக்கு. அளவை மாற்றும் வேலை சி.எஸ்.எஸ்ஸுடையது.

சேமித்து, கோப்பை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். பிரவுசரில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக, பார்க்க மொட்டையாகத் திறக்கும். அப்படியே இருக்கட்டும். அலங்காரத்துக்கு முன் பத்துப் பலகைகளின் குறிப்பையும் எழுதி முடியுங்கள். ஆள் இல்லாத வீட்டுக்கு யாரும் திரைச்சீலை வாங்குவதில்லை.

படங்கள்

புதியவர்களின் தளம் மெதுவாக இருப்பதற்குப் பத்தில் ஒன்பது தடவை காரணம் படம்தான். போனில் எடுத்த ஒரு படம் சர்வசாதாரணமாக 4, 5 எம்.பி இருக்கும். அப்படிப் பத்துப் படம் என்றால், ஃபெரியில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் திறப்பவர் 40 எம்.பிக்கு மேல் இறக்க வேண்டும். பட்டர்வொர்த் வந்துவிடும், படம் வந்திருக்காது.

ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே ஓடுகிறது. படத்தை அதில் போட்டு அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி அல்லது ஜேபெக் வடிவில், தரம் 75 அளவில் சேமியுங்கள். 200 கே.பி சுற்றளவில் வந்து நிற்கும். போன் திரையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழக்கமான ஹெச்.இ.ஐ.சி படத்தைக் குரோம் காட்டாது.

கோப்பின் பெயரில்தான் பலருக்குக் கால் இடறும். கேமரா வைக்கும் பெயரில் எழுத்துகள் பெரியவை, வால்பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் தட்டியிருப்பீர்கள். விண்டோஸ் பெருந்தன்மையானது, இரண்டும் ஒன்றுதான் என்று படத்தைக் காட்டிவிடும். தளம் ஏறுகிற லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. வீட்டில் அழகாகத் தெரிந்த படம் இணையத்தில் உடைந்த சட்டமாக நிற்பது இதனால்தான். எல்லாக் கோப்புகளுக்கும் சிறிய எழுத்து, இடைவெளிக்குப் பதில் சிறு கோடு என்று முதல் நாளே பழகிவிடுங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கலாமே என்ற ஆசை வரும். வைக்கலாம், வேலையும் செய்யும். ஆனால் யு.டி.எஃப் 8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, கால், புள்ளி எல்லாம் தனித்தனி) 3 பைட். முகவரியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியோடு 9 எழுத்தாக விரிந்துவிடலாம். 'மாலைக்கடை' என்ற பெயரில் குறிகள் 9. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளடக்கம் தமிழில், கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில்: தமிழ்ப்பற்றுக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒவ்வொரு படத்துக்கும் 'ஆல்ட்' என்ற இடத்தில் ஒரு வரி எழுதுங்கள். 'படம் 3' என்றல்ல. 'பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, மேலே தமிழ், கீழே சீனம், ஜாவி. ஓரத்தில் துரு' என்று. (ஜாவி என்பது அரபு எழுத்தில் எழுதும் மலாய்.) படம் வராதபோதும், பார்க்க முடியாதவர்களுக்கும் அந்த வரிதான் படம்.

கடை முன் நின்று எடுக்கும்போது, "அண்ணே, போர்டை ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். கூடவே பலகையை எழுதியது யார், எந்த வருடம் என்று நாலு வரிக்கான விஷயமும் கிடைத்துவிடும். வாடிக்கையாளர்களின் முகம் விழுந்த படத்தைப் போடாதீர்கள்.

தமிழுக்குத் தக்க அலங்காரம்

சி.எஸ்.எஸ்ஸைத் தனிக் கோப்பாக வைத்து, 'லிங்க்' டேக்கால் பக்கத்தோடு இணையுங்கள். நம் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பொறி உண்டு. நாம் படித்தது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டு, சி.எஸ்.எஸ் பேசுவது அமெரிக்க எழுத்துக்கூட்டு. கலர் என்பதில் 'யு' வரக்கூடாது. சென்டர் என்பது 'இ.ஆர்' என்று முடிய வேண்டும். தவறாகத் தட்டினால் பிழைச்செய்தி எதுவும் வராது, நிறமும் மாறாது, நீங்கள் அரை மணி நேரம் திரையை முறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆங்கில டுடோரியல்கள் தரும் அளவுகளை அப்படியே எடுத்தால் தமிழ் நெரிசலாகத் தெரியும். நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் கீழே சுழியும் உண்டு. வரிக்கு வரி இடம் வேண்டும். 'லைன் ஹைட்' 1.7 வையுங்கள். எழுத்தளவு 18 பிக்சல். பத்தியின் அதிகபட்ச அகலம் 640 பிக்சல், இரு பக்கமும் 'ஆட்டோ' மார்ஜின். எழுத்து நிறம் #222222, பின்னணி வெள்ளை. இந்தச் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டாலே தளம் பார்க்கும்படி ஆகிவிடும்.

சாய்வெழுத்து வேண்டாம். தமிழுக்குப் பெரும்பாலான எழுத்துருக்களில் சாய்வு வடிவமே இல்லை. பிரவுசர் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது. அழுத்தம் கொடுக்க வேண்டுமென்றால் தடித்த எழுத்து அல்லது நிறம். இருபுறமும் சமமாக நிறுத்தும் 'ஜஸ்டிஃபை'யும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. போனின் ஒடுக்கமான திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் விழும், அவற்றுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி வரும்.

அந்த நீளத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. 'உணவகத்துக்குள்ளிருந்தவர்களுக்கு' போன்ற ஒரு சொல் தலைப்பில் வந்தால் திரையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பக்கம் முழுதும் இடமும் வலமும் ஆடும். 'ஓவர்ஃப்ளோ ராப்' என்பதை 'எனிவேர்' என்று வைத்தால் சொல் உடைந்து அடுத்த வரிக்கு வரும். தலைப்பு அளவையும் போனில் 28 பிக்சலுக்கு மேல் போக விடாதீர்கள்.

எழுத்துருவை வெளியிலிருந்து ஏற்ற வேண்டிய அவசியம் ஆரம்பத்தில் இல்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம் என்று எல்லாக் கருவியிலும் படிக்கத்தக்க தமிழ் எழுத்துரு இருக்கிறது. ஆசைப்பட்டால் கூகுள் ஃபாண்ட்ஸில் முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்று போதும்.

கோயில், சங்கம் இவற்றின் பழைய மலர்களிலிருந்து ஏதாவது எடுத்துப் போட நினைப்பவர்கள் கவனிக்க: அந்தக் கோப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். அவற்றை யூனிகோடுக்கு (எல்லாக் கருவியும் படிக்கும் பொதுக் குறிமுறைக்கு) மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

இணையத்தில் ஏற்றுவது

பல வழிகள் உண்டு; கற்பவருக்கு நான் சொல்வது கிட்ஹப் பேஜஸ். கிட்ஹப் என்பது கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் சேவை, பேஜஸ் அவற்றைத் தளமாக வெளியிடும் அதன் பகுதி. கட்டணமில்லை. தளத்துக்கு 1 ஜி.பி வரை இடம். பலகைத் தளத்துக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும்.

கிட்ஹப்பில் கணக்குத் திறக்கும்போது பயனர் பெயரை யோசித்து வையுங்கள், அதுதான் உங்கள் முதல் முகவரியில் வரப்போகிறது. பிறகு புதிய ரெப்போசிட்டரி (கோப்புகளை வைக்கும் பெட்டகம்) ஒன்று. அதன் பெயர் உங்கள் பயனர் பெயர், அதை அடுத்து டாட் கிட்ஹப் டாட் ஐஓ. ஓர் எழுத்து பிசகினாலும் எதிர்பார்த்த முகவரி கிடைக்காது. பப்ளிக் என்று வைத்து, ரீட்மி கோப்பு சேர்க்கும் தேர்வையும் போட்டு உருவாக்குங்கள். உள்ளே 'ஆட் ஃபைல்' பொத்தானில் 'அப்லோட் ஃபைல்ஸ்' இருக்கும். ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அங்கே இழுத்துப் போட்டு, பச்சை நிற 'கமிட்' பொத்தானை அழுத்துங்கள். இண்டெக்ஸ் கோப்பு மேல்மட்டத்தில் இருக்க வேண்டும், உள் ஃபோல்டருக்குள் போய்விடக்கூடாது. சில நிமிடம் பொறுத்து முகவரியைத் திறந்தால் தளம் வந்திருக்கும். வரவில்லையென்றால் செட்டிங்ஸில் பேஜஸ் பகுதியைப் பாருங்கள். எந்தக் கிளையிலிருந்து (கோப்புகளின் எந்தப் பதிப்பிலிருந்து) வெளியாகிறது என்பது அங்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பப்ளிக் என்றால் நிஜமாகவே பப்ளிக். அங்கே ஏற்றிய கோப்பை நாளை நீக்கினாலும் பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். ஐசி எண் (அடையாள அட்டை எண்), வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளிப் பெயர், ரெஸ்யூமே போடுகிறேன் என்று சொந்தக் கைத்தொலைபேசி எண் ஆகிய எதையும் ஏற்றாதீர்கள். தொடர்புக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் திறந்துகொள்ளுங்கள். வீட்டில் எடுத்த படங்களில் இடத் தகவல் பதிந்திருக்கும். ஏற்றுமுன் அது நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்த முகவரி

இது அவசியமில்லை. தளத்தைச் சில மாதம் தொடர்ந்து நடத்திவிட்டு வாங்கினால் போதும். தளம் தொடங்குமுன் முகவரி வாங்குபவர்களிடம் முகவரி மட்டும்தான் மிஞ்சுகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது முதல் வருட விலை அல்ல, புதுப்பிக்கும் விலை. முதல் வருடம் சில ரிங்கிட்டுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் பல மடங்கு கேட்பது இந்த வியாபாரத்தில் வழக்கம். டாட் மை முகவரிகளின் பதிவேட்டை நடத்துவது மைநிக். அதன் முகவர்கள் வழியாக வாங்கலாம். டாட் காம் டாட் மை பெரும்பாலும் வணிகங்கள் எடுப்பது. தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரியென்றால் சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உண்டு. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் இருக்கிறது.

வாங்கிய இடத்தில் டி.என்.எஸ் (முகவரியைச் சர்வரோடு இணைக்கும் பதிவுகள்) பக்கத்தைத் திறந்து நான்கு 'ஏ' ரெக்கார்டுகள் சேர்க்க வேண்டும்: 185.199.108.153, 185.199.109.153, 185.199.110.153, 185.199.111.153. மூன்று டபிள்யூவோடு தொடங்கும் வடிவத்துக்கு ஒரு 'சிநேம்' ரெக்கார்டு, உங்கள் கிட்ஹப் முகவரியைக் காட்டி. பிறகு கிட்ஹப்பின் பேஜஸ் பகுதியில் கஸ்டம் டொமைன் பெட்டியில் புது முகவரியை எழுதுங்கள். எச்.டி.டி.பி.எஸ்ஸை (பாதுகாப்பான இணைப்பை) கட்டாயமாக்கும் டிக் பெட்டி உடனே திறக்காமல் இருக்கலாம், 24 மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில் எதையும் மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். மாற்றினால் காத்திருப்புதான் நீளும்.

சிக்கிக்கொள்ளும்போது

பிரவுசரில் எஃப் 12 அழுத்துங்கள். கன்சோலில் சிவப்பாக 404 என்று இருந்தால் ஏதோ ஒரு கோப்பின் பெயரோ பாதையோ தவறு. மாற்றம் செய்தும் பழைய பக்கமே தெரிந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிரவுசர் பழைய பிரதியைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

சந்தேகத்துக்கு மொசில்லாவின் எம்.டி.என் ஆவணத் தளம்தான் முதல் இடம். டேக், அதன் பொருள், எடுத்துக்காட்டு எல்லாம் அங்கே இருக்கிறது. வரிசையாகப் படிக்க ஃப்ரீகோட்கேம்ப் என்ற பாடத் தளம். இரண்டும் இலவசம். சாட்ஜிபிடி போன்றவற்றிடம் 'எனக்கு ஒரு தளம் செய்து கொடு' என்று கேட்டால் செய்து கொடுக்கும், ஆனால் அதில் ஒரு வரியை மாற்ற உங்களுக்குத் தெரியாது. 'இந்த வரி என்ன செய்கிறது, ஏன் வேலை செய்யவில்லை' என்று கேளுங்கள். கேட்டதை உங்கள் கையால் தட்டுங்கள்.

நம் ஆட்கள் உங்கள் தளத்தைத் தேடி வரமாட்டார்கள், வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்துவார்கள். அதனால் ஏற்றியதும் 'ஓஜி டைட்டில்', 'ஓஜி டிஸ்கிரிப்ஷன்', 'ஓஜி இமேஜ்' என்ற மூன்று மெட்டா வரிகளை 'ஹெட்' பகுதியில் சேருங்கள். இணைப்பை அனுப்பும்போது வரும் சின்னப் பெட்டியில் தலைப்பும் படமும் தெரிவது இவற்றால்தான். படத்தின் முகவரியை முழுதாக, எச்.டி.டி.பி.எஸ்ஸிலிருந்து எழுத வேண்டும். பாதி முகவரி கொடுத்தால் பெட்டி வெறுமையாக வரும். குடும்பக் குழுவில் போடுமுன் உங்களுக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.

பிறகு கணினியே தொடாத ஓர் அத்தையிடமோ மாமாவிடமோ போனைக் கொடுத்து, "லெபோ குவீன் பலகை எங்க இருக்குன்னு பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே விரலை வைக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, அந்த இடங்களை முதலில் திருத்துங்கள்.